செவர்ன் நதி: ஆற்றை எதிர்த்து வரும் கடல் அலை, பக்கத்திலேயே ஒரு கால்வாய், இரும்புப் பாலம் – விவரம் தேவை

வரைபடப்பிரியன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ மாணவர்களுக்கான புவியியல் கையேட்டில் ஒரே ஒரு நதியை எடுத்து, ஊற்று முதல் கடல் வரை முழுசாக விளக்கும் பகுதி ஒன்று வருகிறது. தேம்ஸ் நதியைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. அதனால் செவர்னை எடுத்திருக்கிறேன். கிடைக்கிற புத்தகங்களில் நீளம் 354 கி.மீ., பிரிட்டனிலேயே நீளமான ஆறு, வேல்ஸ் மலையில் பிறந்து பிரிஸ்டல் சேனலில் கலக்கிறது என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியவை வேறு. கடலிலிருந்து ஆற்றுக்குள் எதிர்த்து ஓடிவரும் அந்த அலை எப்படி உண்டாகிறது? எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்கிறார்கள்? குளோஸ்டருக்குக் கீழே அவ்வளவு அகலமான ஆறு இருக்கும்போது அதன் பக்கத்திலேயே கால்வாய் வெட்டியது ஏன்? உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம் லண்டனில் வராமல் ஷ்ராப்ஷயர் பள்ளத்தாக்கில் வந்ததற்கு என்ன காரணம்? விவரம் தெரிந்தவர்கள் அளவுகளோடு சொன்னால் அப்படியே படத்தில் ஏற்றிவிடலாம்.

நீர்மட்டம் எழுதியது:

அலையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கால்வாய்க் கேள்விக்கும் விடை அதிலேயே பாதி இருக்கிறது.

செவர்ன் முகத்துவாரத்தில், ஏவன்மவுத் துறைமுகத்தை ஒட்டி, பெரிய ஓத (tide) நாட்களில் தாழ்மட்டத்துக்கும் உயர்மட்டத்துக்கும் இடையே கடல் 14 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. கனடாவின் ஃபண்டி விரிகுடா மாதிரி ஓரிரு இடங்களை விட்டால் உலகில் வேறெங்கும் இந்த அளவு கிடையாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மாணவர்கள் பெரும்பாலும் ஒன்றை மட்டும் எழுதி மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள், இரண்டையும் கையேட்டில் போடுங்கள்.

ஒன்று, பிரிஸ்டல் சேனலின் நீளமும் ஆழமும். அதிலுள்ள நீர் இயல்பாக ஒருமுறை உள்ளே போய்த் திரும்ப எடுக்கும் நேரம், ஓதத்தின் சுழற்சியான 12 மணி 25 நிமிடத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. ஊஞ்சலை அது ஆடும் தாளத்திலேயே தள்ளினால் வீச்சு கூடிக்கொண்டே போவது போல, அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஒவ்வொரு ஓதமும் சேனலின் ஆட்டத்தை வளர்க்கிறது. இரண்டாவது, முகத்துவாரத்தின் புனல் வடிவம். ஏவன்மவுத் பக்கம் அகலம் ஏறக்குறைய 8 கி.மீ. லிட்னி, ஷார்ப்னஸ் வரும்போது சுமார் 1.6 கி.மீ. மின்ஸ்டர்வொர்த்தில் 100 மீட்டருக்கும் குறைவு. ஆற்றின் அடித்தளமும் மேலே போகப் போக உயர்ந்துகொண்டே வருகிறது. உள்ளே புகுந்த நீருக்குப் பக்கவாட்டிலும் இடமில்லை, கீழேயும் இடமில்லை.

இனி அது சுவர்போல நிமிர்வதற்கான கணக்கு. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம், ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும். 1 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 11 கி.மீ., 2 மீட்டரில் 16 கி.மீ., 3 மீட்டரில் ஏறத்தாழ 19.5 கி.மீ. ஓதத்தின் முன்விளிம்பு ஆழம் குறைந்த ஆற்றுநீரில் மெதுவாக ஏறுகிறது. பின்னால் வரும் நீர் ஆழம் கூடியதால் வேகமாக வந்து அதை எட்டிப் பிடிக்கிறது. முன்னது நகர்வதற்குள் பின்னது மேலே ஏறிவிட, சரிவு செங்குத்தாகி ஒரே படியாக நிற்கிறது. ஆறு கடலை நோக்கி ஓடுவதும் முன்விளிம்பை இன்னும் தடுத்துக்கொடுக்கிறது. உள்ளூரில் இதை ஆங்கிலத்தில் 'போர்' (bore) என்கிறார்கள். கொல்கத்தா ஹூக்ளியிலும் இதே இயக்கம் உண்டு. உலகில் மிகப் பெரியது சீனாவின் சியான்டாங் ஆற்றில் வருகிறது.

செவர்னில் சாதாரணப் பெரிய அலை 1 முதல் 2 மீட்டர். பதிவான அதிகபட்சம் 2.8 மீட்டர், 15 அக்டோபர் 1966 அன்று ஸ்டோன்பெஞ்சில். வேகம் மணிக்கு 13 முதல் 21 கி.மீ. வரை, மேலே போட்ட கணக்கோடு அது பொருந்துவதைப் பாருங்கள்.

இனி எந்த நாள் என்பது. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள்தான் பெரிய அலை. ஆண்டில் ஏறத்தாழ 130 நாட்கள், நாளுக்கு இரண்டு என்ற கணக்கில் 260 அளவுக்கு வரும். ஆனால் அதில் பல ஒரு சிற்றலையாகப் போய்விடும். சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே நிற்கும் காலத்தை ஒட்டி, அதாவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையும் வருபவை பெரியவை. ஷார்ப்னஸில் கணிக்கப்படும் ஓத உயரத்தை வைத்து ஆண்டு அட்டவணை போட்டு, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் பிரிக்கிறார்கள்.

மணி விஷயத்தில் ஒரு அழகு இருக்கிறது. எந்த ஆண்டை எடுத்தாலும் பெரிய அலைகள் காலை 7 முதல் நண்பகல் வரை, இரவு 7 முதல் நள்ளிரவு வரை என்ற இரண்டு இடைவெளிகளில்தான் வரும். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நிற்கும் நாட்களில் ஒரு துறைமுகத்தின் உயர் ஓதம் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில் விழும், அதனால் வருவது இது. பிற்பகல் மூன்று மணிக்கு ஐந்து நட்சத்திர அலை என்று யாராவது எழுதியிருந்தால் அது தப்பு.

இடங்களைப் பொறுத்தவரை நியூனம் கிராமத்தில் ஆறு அகலம். தேவாலய மேட்டிலிருந்து பார்த்தால் அலை தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக வருவது தெரியும். ஆனால் உயரம் அதிகமாகத் தோன்றாது. அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் மின்ஸ்டர்வொர்த், இன்னும் அரை மணி அளவில் குளோஸ்டர் பக்கத்திலுள்ள ஓவர் பாலம். இரண்டுக்கும் நடுவே கிழக்குக் கரையில் ஸ்டோன்பெஞ்ச். நியூனத்தில் பார்த்துவிட்டுக் காரில் ஏறி ஓவர் பாலத்தில் மறுபடியும் பார்க்க நேரம் இருக்கும், நெரிசல் இல்லாவிட்டால்.

ஏமாற்றம் வருவது பெரும்பாலும் மூன்று வகையில். அட்டவணை கிரீனிச் நேரத்திலா கோடை நேரத்திலா என்று பார்க்காமல் போவது முதல் வகை, ஒரு மணி நேரம் தவறிவிடும். காற்றைக் கணக்கில் எடுக்காதது அடுத்தது. தென்மேற்குக் காற்றும் குறைந்த காற்றழுத்தமும் இருந்தால் அலை முன்னதாக, பெரிதாக வரும். கிழக்குக் காற்று அடித்தாலோ ஆற்றில் மழைவெள்ளம் இருந்தாலோ தாமதமாகி, சிறுத்துவிடும். 20 நிமிடம் முன்பின் ஆவது சாதாரணம், ஆகவே அரை மணி முன்பே கரையில் நிற்க வேண்டும். மூன்றாவது வகைதான் ஆபத்தானது. அலை கடந்துபோனதும் எல்லாம் முடிந்தது என்று கரையிறங்குவார்கள். உண்மையில் நீர் ஏற ஆரம்பிப்பதே அப்போதுதான். அதன்பின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆறு மேல்நோக்கி ஓடி மட்டம் உயர்ந்துகொண்டே இருக்கும். ஸ்டோன்பெஞ்ச் பக்கத்து ஒற்றைச் சாலை அந்த நேரத்தில் மூழ்கும், காரைத் தாழ்வான இடத்தில் நிறுத்தினால் போச்சு. அலையோடு முழு மரங்களும் அடித்து வரும். நடு ஆற்றில் வழவழப்பாக உருளும் அதே அலை கரை ஓரத்தில் உடைந்து, நிற்கும் ஆளை இழுத்துவிடும்.

இந்த அலை மேல் பலகையில் நின்று முதலில் சவாரி செய்தவர் லெஃப்டினன்ட் கர்னல் ஜாக் சர்ச்சில், 1955 ஜூலையில், தானே செய்த பலகையில்.

குளோஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால் ஆறு இரண்டாகப் பிரிந்து ஆல்னி தீவைச் சுற்றுகிறது. அலையும் அங்கே இரண்டாகிறது. மேற்குக் கிளையில் மெய்ஸ்மோர் தடுப்பணை, கிழக்கில் லான்தோனி தடுப்பணை. சாதாரண ஓதம் அங்கே நின்றுவிடும். மிகப் பெரியவை தடுப்பணையைத் தாண்டி ட்யூக்ஸ்பரியின் அப்பர் லோட் வரை மட்டத்தை உயர்த்தும். படத்தில் ஓத எல்லையை ஒரே கோடாகப் போடாமல் இரண்டையும் காட்டுங்கள்.

துறைமுகத்தான் எழுதியது:

நீர்மட்டம் சார் சொன்ன அந்த 14 மீட்டர்தான் கால்வாய்க்குக் காரணம். ஷார்ப்னஸுக்கு மேலே ஆறு அகலமாகத் தெரிவது ஓதம் ஏறி நிற்கும் கொஞ்ச நேரம் மட்டும். வற்றினால் முக்கால்வாசி மணல்திட்டு, சேறு. நீரோடும் தடமும் திட்டுகளுக்கு நடுவே இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆகையால் ஒருமுறை வரைந்த வழிகாட்டிப் படத்தை நம்பிக் கப்பல் விட முடியாது. அதற்கு மேலே குதிரை லாட வடிவில் ஒரு பெரிய வளைவு வேறு. தரைதட்டிய கப்பல் அடுத்த ஓதத்தின் அலையில் புரண்டுவிடும்.

1793இல் நாடாளுமன்ற அனுமதி வாங்கி வேலை தொடங்கினார்கள். பணம் தீர்ந்து பல ஆண்டு நின்றது. பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் ஆலோசனையோடு மீண்டும் எடுத்து 1827இல் திறந்தார்கள். ஆழம் 18 அடி, மேலகலம் 86 அடிக்குச் சற்று மேல், 600 டன் கப்பல் உள்ளே வரலாம். திறந்த காலத்தில் அதைவிட அகலமான, ஆழமான கால்வாய் இங்கிலாந்தில் இல்லை. ஷார்ப்னஸில் கடல்மதகைத் தாண்டிவிட்டால் குளோஸ்டர் துறை வரை ஒரே மட்டம், வழியில் கப்பலை ஏற்றி இறக்கும் படிமதகு (lock) கிடையாது. நீளம் 26 கி.மீ.

ஆனால் ஷார்ப்னஸில் உள்ளே நுழைவது இன்றைக்கும் லேசான காரியம் இல்லை. ஓதம் ஏறும்போது நீரோட்டம் வாசலுக்குக் குறுக்கே பாய்கிறது. கப்பல் உயர் ஓதத்தை ஒட்டி, ஓட்டம் தளரும் சமயம் பார்த்துத் திரும்ப வேண்டும். கொஞ்சம் முந்தினால் ஓட்டம் வாசலைத் தாண்டி மேலே இழுத்துப்போய்விடும்.

25 அக்டோபர் 1960 இரவு நடந்தது அதுதான். ஆர்கண்டேல், வாஸ்ட்டேல் என்ற இரண்டு எண்ணெய்ப் படகுகள் கடும் மூடுபனியில் வாசலைத் தவறவிட்டன. ஓட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலேயிருந்த செவர்ன் ரயில் பாலத்தின் 17ஆம் தூணில் மோதின. தூண்களுக்கு இடைப்பட்ட இரண்டு பாலப் பகுதிகள் படகுகள் மேலேயே இடிந்து விழுந்தன. ஒன்றில் பெட்ரோல், தீப்பிடித்தது. எட்டுப் பணியாளர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். 1879இல் கட்டிய அந்தப் பாலத்தைத் திருப்பிக் கட்டவில்லை, சில ஆண்டுகளில் பிரித்தெடுத்துவிட்டார்கள். கால்வாய்க்கு மேலே திரும்பும் பகுதியைத் தாங்கிய வட்டக் கல்கோபுரம் மட்டும் கரையில் நிற்கிறது. தாழ் ஓதத்தில் இரண்டு படகுகளின் சிதைவும் இப்போதும் தெரியும்.

பக்கத்திலேயே பர்ட்டன் கிராமம். அங்கே கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே சில பத்து மீட்டர் நிலம்தான். 1909இல் ஆறு அரித்துக் கரை சரிந்தது. அதை நிறுத்த அவர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்த பொறியியல். வேலைக்கு உதவாத பழைய படகைப் பெரிய ஓத நாளில் இழுத்து வந்து, ஓதத்தின் உச்சத்தில் வேகமாகக் கரை மேல் ஏற்றி, அடியில் ஓட்டை போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு ஓதமும் சேறு கொண்டுவந்து உள்ளே நிரப்பும். கொஞ்ச காலத்தில் படகே கரையாகிவிடும். இப்படி 80க்கும் மேற்பட்ட மரப் படகுகள், இரும்புப் படகுகள், இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கான்கிரீட் படகுகள் வரிசையாகப் புதைந்து கிடக்கின்றன. கரையை அரித்த ஆற்றின் சேற்றையே வைத்துக் கரையைக் கட்டிக்கொண்டார்கள்.

உள்நாட்டுப் பக்கமும் ஒரு வரி. ட்ரோ என்ற தட்டையடிப் படகுகள் பாய்மரத்தைச் சாய்த்துக்கொண்டு ஷ்ரூஸ்பரிக்கும் மேலே வரை போய்வந்தன. காற்று இல்லாத இடத்தில் ஆட்கள் கூட்டமாகத் தோளில் கயிறு போட்டு இழுத்தார்கள். கோடையில் நீர் வற்றினால் சரக்கோடு வாரக்கணக்கில் நிற்கும். 1840களில் லின்கம், ஹோல்ட், பெவரி, டிக்லிஸ் என நான்கு இடங்களில் தடுப்பணையும் மதகும் கட்டி ஸ்டவர்போர்ட் வரை ஆழத்தை நிலைப்படுத்தினார்கள். அதே தடுப்பணைகள் ஷேட் மீன் முட்டையிட மேலே போகும் வழியை அடைத்துவிட்டன. 180 ஆண்டுகள் ஆகும் தறுவாயில்தான் நான்கிலும் மீன் ஏறும் வழி கட்டி முடித்தார்கள். வூஸ்டர் டிக்லிஸில் கட்டியது 100 மீட்டர் நீளம், கண்ணாடி வழியே மீன் ஏறுவதைப் பார்க்கலாம்.

வார்ப்படம் எழுதியது:

பாலம் பற்றி. ஆறும் காரணம், இரும்பும் காரணம், இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்தது பனியுகம்.

மேல் செவர்ன் ஒரு காலத்தில் வடக்கே போய் டீ ஆற்றின் வழியாகக் கடலில் சேர்ந்தது என்பது நெடுங்காலக் கருத்து. பனிப்பாறை வடக்கு வழியை அடைத்தபோது நீர் தெற்கே திரும்பி மலைமுகட்டை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. பழைய பாடநூல்கள் பெரிய ஏரி ஒன்று தேங்கி வழிந்து அறுத்தது என்று சொல்லும். பிற்கால ஆய்வுகள், பனிப்பாறைக்கு அடியிலேயே அழுத்தத்தோடு ஓடிய உருகுநீர்தான் பெரும்பகுதியை வெட்டியது என்ற பக்கம் சாய்கின்றன. கையேட்டில் இரண்டாவதையும் கட்டாயம் சேருங்கள்.

எப்படி அறுத்திருந்தாலும் பள்ளத்தாக்கின் இரு சரிவிலும் நிலக்கரி, இரும்புக்கல், சுண்ணாம்புக்கல், களிமண் நான்கும் வெளியே தெரிந்தன. சரக்கை ஏற்றிப்போக ஆறு கீழேயே ஓடியது. 1709இல் ஆபிரகாம் டார்பி கோல்புரூக்டேலில் மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியை வைத்து இரும்பு உருக்கிக் காட்டினார். அவர் பேரன் மூன்றாம் ஆபிரகாம் டார்பிதான் பாலத்தை வார்த்தவர். வடிவமைப்பைத் தொடங்கியவர் தாமஸ் பிரிட்சர்ட் என்ற ஷ்ரூஸ்பரிக் கட்டடக் கலைஞர். வேலை முடிவதற்கு முன்பே இறந்துவிட்டார்.

கல்பாலம் ஏன் கூடாது என்றால், கரை செங்குத்து, மண் நகரும், கீழே ட்ரோ படகுகள் போகவேண்டும், வெள்ளத்தில் நடுத்தூண் நிற்காது. ஆற்றில் தூணே இல்லாத ஒற்றை வளைவு வேண்டும். இரும்பால் அதை 30.6 மீட்டர் வீச்சில் போட்டார்கள். 1779 கோடையில் வளைவுகள் ஏற்றப்பட்டன, 1781 ஜனவரி 1 போக்குவரத்து தொடங்கியது. 378 டன் வார்ப்பிரும்பு, ஏறத்தாழ 1,700 துண்டுகள். பெரிய வளைவுத் துண்டு ஒன்றே 5 டன்னுக்கு மேல்.

இணைப்புகளை நெருங்கிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மரையாணி வைத்து இறுக்கும் முறை அன்றைக்கு இரும்புக் கட்டுமானத்தில் பழக்கமில்லை. தச்சன் மரத்தை இணைப்பதுபோல வார்ப்பிலேயே துளையும் முளையும், புறாவின் வால்போல விரிந்த வெட்டும் வைத்து, ஆப்பு அடித்துப் பூட்டியிருக்கிறார்கள். தேவைக்கு மேல் இரும்பு செலவானது, கணக்கு மிஞ்சி மூன்றாம் டார்பி ஆயுள் முழுக்கக் கடனில் கிடந்தார். ஆனால் 1795 வெள்ளத்தில் செவர்னின் கல்பாலங்கள் பல சேதமடைந்தபோது இது அசையவில்லை. நீர் துளைகளின் வழியே போய்விட்டது. இங்கிலாந்தெங்கும் இரும்புப் பாலத்துக்கு ஆர்டர் குவிய அந்த ஒரு வெள்ளம் போதுமாக இருந்தது.

பிற்காலத் தொல்லை மண்ணால் வந்தது. இரு சரிவும் ஆற்றை நோக்கி நகர்ந்து பாலத்தை இருபக்கமும் நெருக்குகின்றன. 1934இல் வண்டிகளை நிறுத்தினார்கள். 1970களில் ஆற்றின் அடியில், இரு அடிமானங்களுக்கும் நடுவே, தலைகீழ் வளைவாகக் கான்கிரீட் ஊன்று போட்டுத் தாங்கவைத்தார்கள். சற்றுக் கீழே ஜாக்ஃபீல்டில் 1952 நிலச்சரிவு வீடுகள், சாலை, ரயில் பாதை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டது. பள்ளத்தாக்கு 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில்.

வரைபடப்பிரியன்:

மிகவும் நன்றி, நினைத்ததைவிட நிறையக் கிடைத்துவிட்டது. இரண்டு மட்டும் மிச்சம். மழைக்காலம் வந்தால் செய்தியில் ஷ்ரூஸ்பரி, வூஸ்டர், ட்யூக்ஸ்பரி மூழ்கிய படம் வருகிறது. மேலே பெரிய அணை கட்டித் தடுக்க முடியாதா? செவர்னுக்கு அடியில் போகும் ரயில் சுரங்கத்திலிருந்து இன்றும் நீர் இறைக்கிறார்கள் என்று படித்தேன், ஆற்றுநீர் ஒழுகுகிறதா?

துறைமுகத்தான் எழுதியது:

சுரங்கத்தை நான் முடித்துவிடுகிறேன். ஒழுகுவது ஆற்றுநீர் இல்லை. வேல்ஸ் கரையின் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வரும் நிலத்தடி நன்னீர், 'பெரிய ஊற்று' என்று பெயர். 1873இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தோண்டத் தொடங்கியது. 1879 அக்டோபரில், இருபக்கமிருந்தும் வந்த குடைவுகள் சந்திக்க சுமார் 120 மீட்டரே இருந்தபோது, ஊற்று உடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிரப்பிவிட்டது. இறைக்க வேண்டுமானால் உள்ளே 300 மீட்டர் தூரத்தில் திறந்து கிடந்த இரும்புக் கதவை மூடியாக வேண்டும். 1880 நவம்பரில் அலெக்சாண்டர் லாம்பெர்ட் என்ற முக்குளிப்பவர் அந்த இருட்டில் இறங்கினார். மேலிருந்து காற்று வரும் குழாய் கூரையில் மிதந்து சிக்கிக்கொண்டது, திரும்பிவிட்டார். அடுத்து ஹென்றி ஃபுளூஸ் கண்டுபிடித்த, முதுகில் ஆக்சிஜனைச் சுமந்துபோகும் கருவியை மாட்டிக்கொண்டு குழாய் இல்லாமல் போய்க் கதவை மூடினார்.

ஒப்பந்தக்காரர் தாமஸ் வாக்கர் 7 கி.மீ. நீளத்தையும் 7.6 கோடிச் செங்கல் வைத்துக் கட்டி முடித்தார். 1886 டிசம்பரில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. ஊற்றை அடைத்தால் அழுத்தம் கூடிச் செங்கல் சுவர் வெடிக்கும், ஆகவே சட்ப்ரூக்கில் நாளொன்றுக்கு சுமார் 5 கோடி லிட்டர் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சாலைப் பாலங்களையும் படத்தில் போடுங்கள். 1966 செவர்ன் பாலம், நடு வீச்சு 988 மீட்டர், காற்றைக் கிழிக்கும் விமான இறக்கை வடிவப் பெட்டித் தளம். 1996இல் அதற்குக் கீழே இரண்டாவது பாலம், 5.1 கி.மீ.

நீர்மட்டம் எழுதியது:

வெள்ளத்துக்கு வருகிறேன். அணை இருக்கிறது. லானிட்லோயிஸ் அருகே 1967இல் கட்டிய க்லிவெடாக், 72 மீட்டர் உயரம், 5,000 கோடி லிட்டர் கொள்ளளவு. அதன் முதல் வேலை கோடையில் ஆற்றுக்கு நீர் விட்டுக் கீழேயுள்ள நகரங்களின் குடிநீர் எடுப்பைக் காப்பது. வெர்ன்வி கிளையாற்றில் இருக்கும் ஏரி 1880களில் லிவர்பூலுக்குக் குடிநீர் தர அணைகட்டி உண்டாக்கியது. செவர்ன் படுகை சுமார் 11,400 சதுர கி.மீ. இந்த இரண்டு அணைகளுக்கும் மேலே விழும் மழை அதில் சின்னப் பங்கு. கீழே வந்து சேரும் டீம், ஏவன் ஆறுகளை இவை தொடவே தொடாது.

செவர்ன் வெள்ளத்தில் இரண்டு ரகம். வேல்ஸ் மலையில் மழையோ பனி உருகலோ ஆகி வரும் வெள்ளம் நிதானமானது. ஷ்ரூஸ்பரியில் உச்சம் தொட்டு வூஸ்டருக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகும், எச்சரிக்கை கொடுக்க நேரம் உண்டு. 1947 மார்ச் இந்த ரகம். வூஸ்டர் தேவாலயத்தின் ஆற்றுவாசல் சுவரில் 17ஆம் நூற்றாண்டு முதல் வெள்ள மட்டங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், 1770, 1947 இரண்டும் மேலே நிற்கும்.

2007 ஜூலை 20 அடுத்த ரகம். மழை நடுப்படுகை மேலேயே கொட்டியது, சில இடங்களில் ஒரே நாளில் 100 மி.மீ.க்கு மேல். ஓடைகள் முதலில் நிரம்பின, பின்னால் ஏவனும் செவர்னும் ட்யூக்ஸ்பரியில் சேர்ந்து ஏறின. மித் நீர் சுத்திகரிப்பு நிலையம் 22ஆம் தேதி மூழ்கியது. ஊரைச் சுற்றி எங்கும் நீர், சுமார் 3.5 லட்சம் பேருக்குக் குழாயில் நீர் இல்லை, சில இடங்களில் 17 நாள் வரை. ஒரே நிலையத்தை நம்பி அத்தனை வீடுகளை வைத்திருந்ததுதான் அந்தப் பேரிடரின் உண்மையான காரணம் என்பேன்.

இன்று பியூட்லி, ஷ்ரூஸ்பரியின் ஃபிராங்க்வெல் இரண்டிலும் கழற்றி மாட்டும் தடுப்பு. நிலத்துக்கடியில் நிரந்தர அடித்தளச் சுவர், வெள்ளம் வரும்போது மட்டும் மேலே கம்பம் நட்டு அலுமினியப் பலகைகளை அடுக்குவார்கள். அடியில் சுவர் இருப்பதால் நீர் மண்ணுக்குள் ஊறி உள்ளே வராது. அயர்ன்பிரிட்ஜில் அப்படிப்பட்ட அடித்தளம் இல்லை, சாலை மேல் தற்காலிகத் தடுப்பை வைப்பார்கள். 2020 பிப்ரவரியில் நீரழுத்தம் அந்தத் தடுப்பையே சாலை மேல் பின்னுக்குத் தள்ளியது, வீடுகளைக் காலி செய்யவேண்டி வந்தது.

கடைசியாக வரைபடத்துக்கு ஒரு எச்சரிக்கை. ட்யூக்ஸ்பரியில் சேரும் ஏவன் வேறு, ஏவன்மவுத்தில் சேரும் பிரிஸ்டல் ஏவன் வேறு. இரண்டையும் ஒரே நிறத்தில் போட்டு ஒரே பெயர் எழுதினால் மாணவன் ஒரே ஆறு என்று படித்துவிடுவான். முதலாவதை வார்விக்ஷயர் ஏவன் என்று எழுதிவிடுங்கள். ஊற்று, பிளின்லிமன் மலையில் சுமார் 610 மீட்டர் உயரத்தில், வேல்ஸ் பக்கம். வை ஆறும் அதே மலையில் பிறந்து, வேறு வழியில் சுற்றி, செப்ஸ்டோவுக்குக் கீழே வந்து இதே முகத்துவாரத்தில் சேர்கிறது. படத்தில் இடம் இருந்தால் அதையும் மெல்லிய கோடாகக் காட்டுங்கள்.